ரெண்டாம் உலகப்போர்ல கரீபியன் பேஸ்ல இருந்த நேவிக்காரங்க தினம் என்னதான் பண்ணாங்க?

கடல்பைத்தியம்: 1943 வாக்குல டிரினிடாட்ல இருந்த அமெரிக்க மாலுமிகள பத்தி தேடிட்டு இருக்கேன், பீச்சு, ரம்முன்னுதான் எல்லாரும் எழுதறாங்க, நெஜமாவே ஜாலிதானா?

பழையபேப்பர்: ஜாலியா? துருவ சுரண்டி பெயின்ட் அடிக்கறதுதான் பாதி வாழ்க்கை. உப்புக்காத்து, வெயில், முடிக்கறதுக்குள்ள முதல்ல அடிச்ச இடம் திரும்ப துருபிடிச்சிரும். நாலு மணி நேர வாட்ச் (காவல் டூட்டி) வேற, ராத்திரின்னும் கிடையாது பகல்னும் கிடையாது. கப்பல்ல நல்லதண்ணிக்கு ரேஷன், பல நேரம் உப்புத்தண்ணி குளியல்தான். கடிதாசி எழுதினா ஆபீசர் படிச்சு ஊர் பேர வெட்டிட்டுதான் அனுப்புவார், அப்புறம் பொண்டாட்டிக்கு என்னத்த எழுதறது, சாப்பாடும் வெயிலும்தான்!

கலங்கரை: பயமும் இருந்துச்சு. 1942 பிப்ரவரில ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்துக்குள்ளயே நுழைஞ்சு ரெண்டு கப்பல டார்பிடோ போட்டு அடிச்சிட்டு தப்பிச்சு போயிருச்சு. அதே வாரம் அரூபா தீவுல எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பக்கமும் தாக்குதல். எண்ணெயும் பாக்சைட்டும் (அலுமினியத் தாது) இந்த வழியாதான் போகணும், அதான் கப்பல்கள கூட்டமா சேத்து கூட்டிட்டு போற கான்வாய் காவல்.

கடல்பைத்தியம்: அப்போ டிரினிடாட் பிரிட்டிஷ் ஊர்தானே, அமெரிக்காக்காரன் எப்படி?

பழையபேப்பர்: 1940 செப்டம்பர் ஒப்பந்தம். பிரிட்டனுக்கு 50 பழைய டிஸ்ட்ராயர் போர்க்கப்பல குடுத்துட்டு 99 வருஷ குத்தகைக்கு இடம் வாங்கினாங்க. டிரினிடாட்ல சாகுவாராமஸ்ங்கற இடத்துல குடியிருந்த ஜனங்கள கிளப்பிவிட்டுட்டுதான் பேஸ் கட்டினாங்க, அத யாரும் பேசறதில்ல.

கலங்கரை: லீவு கிடைச்சா டவுனுக்குப் போய் கலிப்ஸோ பாட்டு கேக்கறது உண்டு, ஷோர் பேட்ரோல்காரன் (நேவி போலீஸ்) கண்ணுல படாம திரும்பணும் அவ்ளோதான் 😄