திரையில் ஒளிந்துகொள்ளும் ஹோம் பொத்தானை விரலால் கண்டுபிடிக்க வழி உண்டா?

கைநாட்டு:

என் சித்திக்கு வயது 71. கண் அழுத்த நோயால் பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. நடுவில் ஒரு சிறு வட்டம்தான் மிச்சம். ஏழு ஆண்டுகளாக ஒரே போனை வைத்திருந்தார். அதன் அடியில், அழுத்தினால் உள்ளே போகும் ஹோம் பொத்தான் ஒன்று இருந்தது. நான் கற்றுக்கொடுத்தது மொத்தமே ஒரு பாடம்: "எங்கே மாட்டிக்கொண்டாலும் அதை அழுத்துங்கள் சித்தி, முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்." இருட்டில் சுவரைத் தடவி விளக்கைப் போடுவதுபோல் போனைக் கையாண்டார்.

போன மாதம் அந்தப் போனின் பேட்டரி உப்பிவிட்டது. புதிய போனில் பொத்தானே கிடையாது. கீழிருந்து மேலே தள்ளினால் முகப்பு, தள்ளி நிறுத்தினால் திறந்திருக்கும் செயலிகள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கப்போய் நானே குழம்பினேன். பிறகு அமைப்புகளில் மூன்று பொத்தான் முறைக்கு மாற்றினேன். முக்கோணம், வட்டம், சதுரம் வந்தன. ஆனால் அவர் கண்ணுக்கு அவை எட்டவில்லை. தடவினால் எல்லாம் ஒரே கண்ணாடி. வீடியோ முழுத்திரைக்குப் போனால் அவையும் மறைந்துவிடுகின்றன. நேற்று ஒரு சொற்பொழிவை நிறுத்தத் தெரியாமல், போனைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

உண்மையான பொத்தானை எதற்காக எடுத்தார்கள்? இது கோபத்தில் கேட்பது. இந்தப் போனிலேயே விரலுக்குத் தட்டுப்படும்படி ஏதாவது செய்ய முடியுமா? இதுதான் கேள்வி.

திருப்புளி:

பன்னிரண்டு ஆண்டுகளாகப் போன் பழுது பார்க்கிறேன். உங்கள் சித்தியின் நிலைமை வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொத்தானுக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அமுங்குகிறது! அடியில் இருக்கும் சின்னத் தகடு தளர்ந்துவிடும். இடுக்கில் தூசியும் வியர்வையும் சேரும். இடது ஓரத்தில் அழுத்தினால் வேலை செய்யும், நடுவில் அழுத்தினால் செய்யாது. கைரேகை உணரி அதற்குள் வந்த பிறகு இன்னும் தலைவலி. 2013இல் வந்த ஐபோன் 5எஸ் முதல் அந்தப் பொத்தான் அந்தந்தப் போனின் மின்பலகையோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். வேறொன்றை வாங்கிப் போட்டால் கைரேகை படிக்காது.

2016இல் ஐபோன் 7 வந்தபோது அங்கே அசைகிற பொத்தானே இல்லை. அழுத்தியதுபோல் தோன்றுவது உள்ளிருக்கும் அதிர்வு மோட்டாரின் வேலை. சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன போனைக் கொண்டுவந்து "பொத்தான் இறுகிப்போய்விட்டது" என்பார்கள். சார்ஜரில் செருகிவிட்டு உட்காரச் சொல்வேன். சற்று நேரத்தில் பொத்தான் 'சரியாகிவிடும்'. இதற்குக் காசு வாங்கியதில்லை, நம்புங்கள்.

நிரல்வாசி:

கோபத்தில் கேட்டதற்குப் பதில். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் ஹோம், பின்செல், மெனு என்று நிஜப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 உடன் வந்த கேலக்ஸி நெக்ஸஸில் அவை திரைக்குள் குடியேறின. வரைந்த பொத்தான் என்றால் திருப்பலாம், மாற்றலாம், மறைக்கலாம் என்பது கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் போனின் திரை உயரம் 1280 புள்ளிகள். அதில் 96 புள்ளிகளை அந்தப் பொத்தான்கள் இருக்கும் பட்டையே விழுங்கியது. செயலிகளுக்கு மிஞ்சியது 1184.

திரையைத் தொட்டாலும் திரும்பி வராதபடி அதை மறைத்தே வைக்கும் வசதி 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 உடன் வந்தது. தலையணைச் சம்பவத்துக்கு மூலகாரணம் அதுதான். நான் எழுதிய செயலிகளிலும் அப்படி மறைக்கச் சொல்லும் நிரல் வரி இருக்கிறது. உங்கள் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு நல்ல யோசனையும் வந்தது. 2017இன் கேலக்ஸி எஸ்8இல் ஹோம் இருக்கும் இடத்தின் கண்ணாடிக்கு அடியில் அழுத்த உணரி வைத்தார்கள். பட்டை மறைந்திருந்தாலும் அந்த இடத்தை அழுத்தினால் முகப்புக்கு வந்துவிடும். சில மாடல்களுக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

அரைப்பார்வை:

எனக்கும் பார்வை குறைவுதான். நான் செய்திருப்பதைச் சொல்கிறேன்.

நிறமற்ற நகப்பூச்சு ஒரு குப்பி வாங்குங்கள். போனின் கண்ணாடியில் நேரடியாகப் பூச வேண்டாம். மேலே ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடியில் பூசுங்கள். பிடிக்காவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிடலாம். ஹோம் வட்டத்தின் நட்டநடுவில், தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு. நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் இன்னொன்று. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் மேடு பெரிதாகித் தொடுதலே பதியாமல் போகும். எனக்கு அப்படி ஒரு கண்ணாடி வீணானது.

போனைப் படுக்கவைத்துப் பார்க்கும்போது பொத்தான்கள் இடம் மாறிவிடுமே என்று பயந்தேன். என் போனில் அவை போனின் அடிப்பக்கத்தை விட்டு நகர்வதில்லை. நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்தாலும் ஹோம் அந்தப் புள்ளிக்கு அடியிலேயே இருக்கிறது. உங்கள் போனில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

முழுத்திரையில் மட்டும் இரண்டு வேலை: அடி விளிம்பிலிருந்து புள்ளியைத் தாண்டி உள்ளே ஒரு தள்ளு, பட்டை வந்ததும் புள்ளியில் ஒரு தொடு. "தள்ளு, தொடு" என்று சொல்லிக்கொடுங்கள். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். தேவையில்லாத இடத்தில் தள்ளினால் பெரும்பாலும் பக்கம் சற்று நகரும், அவ்வளவுதான். எப்போது எதைச் செய்வது என்று யோசிக்கும் வேலை மிச்சம்.

கைநாட்டு:

பத்து நாள் கழித்து வருகிறேன். முதல் சொட்டு கோணலாக விழுந்து சதுரத்தின் பக்கம் போய்விட்டது. கண்ணாடியை மாற்றி இரண்டாவது முறை சரியாக வைத்தேன். சித்தி அரை நாளில் பிடித்துக்கொண்டார். சொற்பொழிவிலிருந்து தானே வெளியே வருகிறார்.

புதிய சிக்கல் ஒன்று. பழைய பொத்தான் நினைப்பில் புள்ளியை அழுத்திப் பிடித்துவிடுகிறார். உடனே குரல் உதவியாளர் எழுந்துகொள்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இது நடக்கிறது.

அரைப்பார்வை:

அமைப்புகளில் இயல்புநிலைச் செயலிகள் என்ற பகுதிக்குப் போய், டிஜிட்டல் உதவியாளர் என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று வைத்துவிடுங்கள். அழுத்திப் பிடித்தாலும் எழாது.

கைநாட்டு:

வைத்துவிட்டேன். மறுநாளே திரும்பப் போடச் சொல்லிவிட்டார். அது எழுந்தால் "ஒன்றும் வேண்டாம், நீ போ" என்று சொல்வது வழக்கமாகிவிட்டதாம்.