இறந்த அப்பாவின் பெயரில் புதிய கடன் அட்டை: என்ன செய்வது?

கேள்வி:
அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் வாழ்ந்த என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். ஈமச்சடங்கு நிலையத்தாரே சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு வங்கியிலிருந்து அப்பா பெயருக்கு நிலுவைக் கடிதம் வந்திருக்கிறது. அவர் இறந்து ஒரு மாதம் கழித்து வாங்கிய அட்டையாம்! இறந்தவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்ணை (அந்த நிர்வாகம் தரும் அடையாள எண்) யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார் ஓர் உறவினர். உண்மையா? அம்மா பயந்துபோய், பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறார்.

மறுமொழி 1:
கட்ட வேண்டாம் சகோதரி. தொலைபேசியில் யார் மிரட்டினாலும் அம்மா எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு இறப்புச் சான்றிதழ் நகலுடன் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கணக்கு தொடங்கிய தேதி இறந்த தேதிக்குப் பிந்தையது; இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அடுத்து, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிவுசெய்து வைக்கும் மூன்று நிறுவனங்கள்: ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். ஒரு நிறுவனத்துக்குத் தெரிவித்தால் அதுவே மற்ற இரண்டுக்கும் சொல்லிவிடும். ஆனாலும் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுவதே நல்லது. இவர் இறந்துவிட்டார், கடன் வழங்கக் கூடாது என்று பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். மனைவி என்ற முறையில் அம்மா, அப்பாவின் கடன் அறிக்கையையும் கேட்டுப் பெறலாம். வேறு கணக்குகள் ஒளிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

மறுமொழி 2:
உறவினர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இறப்புப் பதிவுக் கோப்பு 1980 முதல் பொதுமக்களுக்கும் கிடைத்தது. பெயர், எண், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் அதில் உண்டு. வம்சாவளி தேடுவோருக்கு அது புதையல். வங்கிகளுக்கோ, இறந்தவர் பெயரில் வரும் விண்ணப்பத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. அதே கோப்பைத் திருடர்களும் படித்தார்கள். இறந்த குழந்தைகளின் எண்களை எடுத்து, தங்களைச் சார்ந்தவர்கள் என்று காட்டி வரிச்சலுகை பெற்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வரிக்கணக்கு தாக்கல் செய்தபோது, அந்த எண் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்று கணக்கு திரும்பி வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

2013இல் சட்டம் வந்தது. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை, சான்றளிப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமே அந்த விவரம் கிடைக்கும். எனவே உங்கள் அப்பாவின் எண் அங்கிருந்து கசிந்திருக்க வாய்ப்பு குறைவு. பழைய தரவுத் திருட்டு ஒன்றில் எண் எப்போதோ வெளியாகியிருக்கலாம். அதற்குரியவர் இப்போது உயிருடன் இல்லை என்பதை இரங்கல் அறிவிப்பு சொல்லிவிடும். அறிவிப்பில் முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி, அவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வயது, ஊர், பிரார்த்தனை நேரம் போதும்.

அந்த வங்கி மேல்தான் எனக்குக் கோபம். ஒன்று, கோப்பைப் பார்க்காமலே அட்டை கொடுத்திருக்கிறது. அல்லது இறப்புச் செய்தி அதற்கு வந்து சேரவில்லை. திருடன் நம்புவது இந்த இடைவெளியைத்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரங்கல் பக்கத்தில் பிறந்த தேதி முழுமையாக இருக்கிறது. நீக்கச் சொல்லி எழுதிவிட்டேன். வங்கிக்கும் கடிதம் போய்விட்டது. அப்பா பெயரில் யாராவது வரிக்கணக்கும் தாக்கல் செய்ய முடியுமா?

மறுமொழி 1:
முடியும். அதனால் அவருடைய இறுதி வரிக்கணக்கைத் தள்ளிப்போடாமல் தாக்கல் செய்யுங்கள். ஏற்கெனவே ஒருவர் தாக்கல் செய்துவிட்டதாக மின்வழிக் கணக்கு திரும்பி வந்தால், காகிதத்தில் அனுப்பி, அடையாளத் திருட்டுக்கான 14039 படிவத்தையும் சேருங்கள். கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் அடையாளத் திருட்டுத் தளத்திலும் புகாரைப் பதிவுசெய்யுங்கள். இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் சில கூடுதலாக வாங்கி வையுங்கள். சாதாரண நகலைச் சிலர் ஏற்பதில்லை. எதையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், அப்பாவின் எண் சான்றிதழிலும் இருக்கக்கூடும்.