கூரையில் விளையும் மின்சாரம்: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

கல்லடி டீச்சர்:

2016இல் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் போட வைக்கும் அரசின் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் பெரிய வாதமே நடந்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் இரும்பு தங்காது என்றார் அண்ணா. தென்னை மட்டை விழுந்து உடைக்கும் என்றார் அம்மா. மாதாமாதம் மின்பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நான் விடவில்லை, பேனல்களைப் போட்டோம். ஒப்பந்தம் 20 ஆண்டுகளுக்கு. வீட்டுத் தேவை போக மிஞ்சும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாய், அதன் பின் 15.50 ரூபாய்.

அண்ணாவின் பயத்தில் பாதி உண்மை. கச்சான் காற்றுக் காலத்தில் பேனலின் கண்ணாடியில் உப்பும் புழுதியும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். விடியற்காலையில் நல்ல தண்ணீர் விட்டு மென்துணியால் துடைத்தால் அன்றைய உற்பத்தி கூடுவது கண்கூடு. உச்சி வெயிலில் கண்ணாடி கொதிக்கும், அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நான் சொல்ல வந்தது 2022 மார்ச் கடைசியைப் பற்றி. எரிபொருள் இல்லாமல் நாடெங்கும் 13 மணி நேர மின்வெட்டு. கொளுத்தும் வெயில், கூரை நிறையப் பேனல்கள், கீழே மின்விசிறி சுற்றவில்லை. "உங்களுக்கென்ன டீச்சர், சோலார் இருக்கிறதே" என்று அயலவர்கள் தொலைபேசிகளுக்கு மின்னேற்றிக்கொள்ள வந்து நின்றார்கள். தெருக் கம்பியில் மின்சாரம் இல்லையென்றால், பேனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும் என்பதை, பொருத்த வந்தவர்கள் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வர வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதை மனதார ஆதரிக்கிறேன். கூரையைக் கொடுத்த நம் அனுபவம் என்ன? எழுதுங்கள்.

சாய்ந்தமருது தையல்கடை:

டீச்சர், எங்களுக்குப் பிரச்சினை மின்சாரம் இல்லாதபோது அல்ல, கூடும்போது. இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரே மின்மாற்றியின் கீழ் பல கூரைகளில் பேனல். காலையில் தையல் இயந்திரங்கள் ஓடும்போது ஒழுங்காக இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடைகளை அடைத்ததும் தெருவில் பாவனை சட்டென்று குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து இன்வேர்ட்டர் திரையில் வோல்ட் ஏறும்: 246, 250, 253. 'டக்' என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு சிவப்பாகும். சில நிமிடத்தில் மீண்டும் இணையும், மீண்டும் விழும். வெயில் உச்சத்தில் நிற்கும்போதுதான் எங்கள் உற்பத்தி பூச்சியம்.

முறைப்பாடு கொடுத்தேன். இன்வேர்ட்டர்தான் பழுது என்று ஓர் இடத்தில் சொன்னார்கள், கம்பிதான் காரணம் என்று இன்னோர் இடத்தில். இரண்டுக்கும் நடுவில் என் கடன் தவணை மட்டும் தவறாமல் வருகிறது. அடுத்த தெருவில் மின்மாற்றியை மாற்றிய பிறகு அங்கே நிலைமை நேரானது. ஆகவே செய்ய முடியாத காரியம் அல்ல.

படுவான்கரை வயற்காரன்:

யுத்த காலம் முழுக்கக் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். வாவிக்கு அப்பால் நகரத்தின் வெளிச்சம் தெரியும், எங்களுக்குக் கம்பி வரவில்லை. வந்தது பிறகுதான். அதனால் மின்சாரம் எதிலிருந்து வந்தாலும் எனக்குச் சந்தோஷமே. மேட்டுநிலத்தில் கச்சான் கடலையும் வெங்காயமும் போடுகிறேன். மண்ணெண்ணெய்ப் பம்பைக் கைவிட்டுச் சோலார் பம்ப் போட்டேன். தண்ணீர் அதிகம் தேவைப்படும் சிறுபோகத்தில்தான் வெயிலும் உச்சம். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? கம்பியோடு இணைக்காததால் தையல்கடை நானாவுக்கு வந்த தொல்லையும் இல்லை.

அம்பாறை, ஓய்வுபெற்ற லைன்மேன்:

டீச்சர், இன்வேர்ட்டர் நிற்பதன் காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கம்பத்தில் ஏறுபவன் நான். உங்கள் கூரை அப்போதும் தெருவுக்கு மின்சாரம் அனுப்பினால், செத்த கம்பி என்று நம்பிக் கை வைப்பவனின் உயிர் போகும். வீட்டு ஜெனரேட்டரைச் சரியான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைத்தவர்களால் நாங்கள் நடுங்கிய நாட்கள் உண்டு. மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால், பேட்டரியும், வீட்டைத் தெருவிலிருந்து தானாகப் பிரிக்கும் ஹைப்ரிட் இன்வேர்ட்டரும் வேண்டும்.

சாய்ந்தமருது நானா, உங்கள் இன்வேர்ட்டர் பெரும்பாலும் நல்லதுதான். நம் நாட்டில் 230 வோல்ட். மேலும் கீழும் 6 சதவீதம் வரை அனுமதி, அதாவது கிட்டத்தட்ட 244 வரை. கூரையிலிருந்து மின்சாரம் மின்மாற்றியை நோக்கித் திரும்பிப் பாய வேண்டுமானால் வீட்டுப் பக்கம் வோல்ட் சற்று உயர்ந்தாக வேண்டும். கம்பி மெல்லியதாய், நீளமாய் இருந்தால் இன்னும் உயரும். அந்தக் கம்பிகளை இழுத்தபோது மின்சாரம் ஒரே திசையில் வரும் என்று எண்ணித்தான் இழுத்தோம். வாய்க்காலில் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவது போன்ற வேலை இப்போது அவற்றுக்கு.

நாடளாவிய கதையும் இதுவே. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டதே, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று உலகமே பேசியது. குரங்கு தொடக்கம் மட்டுமே. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைகளின் உற்பத்தி நிறைவு. ஆகவே பெரிய மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் கொஞ்சமே ஓடின. ஒரு கோளாறு வந்தால் முதல் சில நொடிகள் தாங்கிக்கொடுப்பது அந்தச் சுழலிகளின் வேகம்தான். தாங்க ஆளில்லாமல் எல்லாம் விழுந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் 900 மெகாவாட்டும் நின்று, மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. அதே ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

நான் மின்சாரத்தோடு வாழ்ந்தவன், ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: பகல் உற்பத்தி இனிப் பிரச்சினையல்ல. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கேயே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025இல் தொடக்கம் இட்டார்கள். நல்லது. ஆனால் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டின் உச்சத் தேவை. அந்நேரம் சம்பூரிலும் சூரியன் இல்லை. எங்கள் இங்கினியாகலை நீர்மின் நிலையத்தைப் பாருங்கள். சுமார் 11 மெகாவாட்தான், அதுவும் வயலுக்குத் திறக்கும் தண்ணீரில் ஓடுவது. ஆனாலும் அதன் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வேண்டும்போது திறக்கலாம். வெயிலுக்கு அப்படியொரு குளம் பேட்டரிதான். முதலில் பணம் போக வேண்டியது அதற்கும், தடித்த கம்பிகளுக்கும், புதிய மின்மாற்றிகளுக்கும்.

கல்லடி டீச்சர்:

நன்றி ஐயா. கம்பத்தில் ஏறும் ஒருவரின் உயிருக்காக என் மின்விசிறி நிற்கிறது என்றால் எனக்கு வருத்தமில்லை. புத்தாண்டில் நிறுத்தி வைக்கச் சொன்னபோதும் நிறுத்தினேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது, கடன்பட்டுக் கூரையில் மின்சாரம் விளைவித்தவர்கள் வீட்டுக்காரர்களும் சிறு கடைக்காரர்களும். நெருக்கடி வரும்போது அணைக்கச் சொல்லும் உரிமை இருக்குமானால், அணைத்த அலகுக்கு என்ன கணக்கு, எங்கள் தெருக் கம்பி எப்போது மாறும் என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு இருக்க வேண்டும்.

சாய்ந்தமருது தையல்கடை:

சரியாகச் சொன்னீர்கள் டீச்சர். ஐயா, மறுபடி முறைப்பாடு கொடுக்கும்போது எதைக் கொண்டு போக வேண்டும்?

அம்பாறை, ஓய்வுபெற்ற லைன்மேன்:

நானா, வாய்ப் பேச்சு வேண்டாம். இன்வேர்ட்டர் செயலியில் வோல்ட் பதிவு இருக்கும். முற்பகல் 10 முதல் பிற்பகல் 2 வரை ஒரு வாரத்துப் பதிவை அச்செடுங்கள். அதே மின்மாற்றியில் உள்ள மற்ற வீடுகளிலும் எடுத்துச் சேருங்கள், மின்மாற்றியின் இலக்கம் கம்பத்தில் இருக்கும். எல்லோரும் கையொப்பமிட்டு பிரதேச மின் பொறியியலாளரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட பிரதி வாங்குங்கள். மின்மாற்றியின் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டாப்பை மாற்றினால் தீருமா, கம்பி மாற்ற வேண்டுமா என்பதை அந்தப் பதிவை வைத்து அவர்களால் முடிவு செய்ய முடியும்.