உடம்புக்குள் கடிகாரம் என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

பட்டர்வொர்த்_பொண்ணு:
பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. இரவு 7 முதல் காலை 7 வரை. நான்கு இரவு வேலை, இரண்டு நாள் லீவு. போன வாரம் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியவர், "உங்கள் உயிர்க்கடிகாரம் குழம்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். "கடிகாரமாவது மண்ணாவது, எல்லாம் பழக்கம்தான்" என்கிறார். பழக்கம் என்றால் ஆறு வருடமாகியும் எனக்கு ஏன் பழகவில்லை? விடியற்காலை 4 மணிக்குக் கண் சொக்கும், ஏர்கான் குளிர் எலும்பில் ஏறும். கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் படுத்தால் கொட்டக் கொட்ட விழிப்பு.

கோப்பி_ஓ_கோசோங்:
தங்கச்சி, கோலாலம்பூர் - பிறை 15 வருடம் லாரி ஓட்டியவன் நான். அந்த நாலு மணி எல்லாருக்கும் உண்டு. எத்தனை கோப்பி குடித்தாலும் நிற்காது. தாப்பாவில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வேன், அவ்வளவுதான் வைத்தியம். நீ மூணு மணிக்குக் கோப்பி குடிக்கிற ஆளா? அதில் பாதி எட்டு மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்:
பழக்கம் இல்லை, அம்மாவிடம் தாராளமாகச் சொல்லம்மா. நம் திடலில் மிதிபடும் தொட்டாற்சிணுங்கி இரவில் இலை மூடும், பகலில் விரிக்கும். 1729-இல் தெ மெரான் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் நேரத்துக்கு விரித்தது. நேரம் உள்ளேயே ஓடுகிறது என்பதற்கு அது முதல் தடயம்.

ஆங்கிலத்தில் 'சர்க்காடியன்' என்பார்கள். 1959-இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் வைத்த பெயர். இலத்தீனில் 'சர்க்கா' என்றால் ஏறக்குறைய, 'டியெஸ்' என்றால் நாள். அந்த 'ஏறக்குறைய'வில்தான் விஷயமே இருக்கிறது. மனிதருக்கு உள்ளே ஓடுவது சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம்போல அதிகம். விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். தினமும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம்.

கடிகாரம் இருப்பது மூளையில், இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே. சுமார் 20,000 நரம்பணுக்கள். ஈரல், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. மேலே இருப்பதைத் தோட்டத்துக் கங்காணி என்று வைத்துக்கொள்: பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, எல்லாரையும் நேரத்துக்குக் கூப்பிடுவது அவர் வேலை. உடல் வெப்பம் இறங்குவதும் அவர் கணக்கில்தான். மிகத் தாழ்வது வைகறையில். உன் நாலு மணிக் குளிருக்கு ஏர்கானை மட்டும் திட்டாதே.

சரி, ஒரு கேள்வி. பஸ்ஸில் எந்த ஸீட்?

பட்டர்வொர்த்_பொண்ணு:
முன் ஸீட், சார். பாலத்தில் கடல் பார்க்க. ஏன்?

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்:
அதுதான்! 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சுவர்க் கடிகாரம் கேட்டுக்கொண்டது, சூரியன் கேட்கவில்லை. பினாங்கில் இன்றும் உச்சிவெயில் ஒன்றேகால் மணிவாக்கில். சூரியன் எழுவது ஏழுக்குப் பிறகு. பஸ் கிழக்கே போகிறது. பாலம் முழுக்க இளவெயில் நேரே உன் கண்ணில். வேலை முடிந்தது என்று நீ நினைக்கிறாய், கங்காணியோ 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்கிறார். லீவு நாளில் நீயும் ஊரோடு பகலில் விழித்திருப்பாய், சற்று நகர்ந்த கடிகாரமும் திரும்பிவிடும். பின் ஸீட், கறுப்புக் கண்ணாடி, இருட்டறை, முயன்று பார்.

கோப்பி_ஓ_கோசோங்:
கண்ணாடி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும். தூக்கக் கலக்கத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் போட்டுத் தொலைக்காதீர்கள்.

பட்டர்வொர்த்_பொண்ணு:
மூன்று நாளாகப் பின் ஸீட். நேற்று பதினொன்றரை வரை தூங்கினேன், எனக்கு அது பெரிய விஷயம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியதைப் பார்த்துவிட்டு அம்மா, "யார் வீட்டு இழவுடி இது?" என்கிறார். தொட்டாற்சிணுங்கிக் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. ஒரு தொட்டியில் வைத்து அலமாரிக்குள் பூட்டிப் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.