631-இல் நிறுத்திவிட்டேன்

கித்தாக்காட்டுப் பெண்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம். ஆறாம் ஆண்டு சோதனை முடிந்த விடுமுறை. ஆபீஸ் கிராணி (எழுத்தர்) ஐயா ஒரு தாளில் 4294967297 என்று எழுதி, “இது பகா எண்ணா, பாரு” என்றார்.

கால்குலேட்டர் கிடையாது. அம்மா ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனதும் வாசல்படியில் உட்கார்ந்து 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போவேன். பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் வகுத்தல்தான். 631 வரை 115 பகா எண்கள். ஒன்றாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை. “பகா எண்தான் ஐயா” என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். 631 மேல் விரலை வைத்து, “இதுக்கு அப்புறம்?” என்றார். “கை வலிக்குது ஐயா” என்றேன். சரி என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறாம் படிவத்தில்தான் தெரிந்தது, அது 641 × 6700417 என்று. 631-க்கு அடுத்த பகா எண்ணே 641தான். அதற்குள் தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள். ஐயா எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணக்குப் பிரியன்:
அக்கா, எனக்கும் இந்த எண் வந்தது, பரீட்சையில். ஃபெர்மா என்ற அந்தக் காலத்துக் கணித மேதை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பகா எண் என எழுதி மார்க் போனது.

ஆனால் 115 வகுத்தல் வீண். இது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண். 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால் அடுத்து வரும் இதுவும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை அது பகா எண் இல்லை என்று உடைத்துக் காட்டினார். இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று பிறகு நிரூபித்தும் காட்டினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தல்! பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். வகுக்க உட்காரும் முன் எதெல்லாம் வகுக்கவே முடியாது என்று தள்ளப் பழக வேண்டும். இன்னொன்று: 641 என்பது 5 × 128 + 1, அதுவே 625 + 16. இந்த இரண்டை மட்டும் வைத்து, நீளமாக வகுக்காமலே நிரூபித்துவிடலாம்.

ஆலைத் தராசு:
தம்பி, வீண் என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக 115 வகுத்தல் போட்டிருக்கிறது. 1812-இல் லண்டனில் செரா கோல்பர்ன் என்ற சின்னப் பையன் இதே எண்ணுக்கு மனக்கணக்கிலேயே 641 என்று சொன்னான். அவனுக்கு எந்தச் சூத்திரமும் யாரும் சொல்லித் தரவில்லை.

நான் பார்த்தது இதன் பக்கத்து எண். செம்பனை ஆலையில் லாரி எடை போடும் கணினி, கழித்தால் -20 வர வேண்டிய இடத்தில் 4294967276 கிலோ என்று காட்டியது. டிரைவர் அண்ணன் திரையையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். 32 பிட்டில் (32 இரும இலக்கத்தில்) கழித்தல் குறிக்கு இடம் வைக்காமல் எழுதிய நிரல்; அதனால் -20-க்குப் பதில் 2-இன் 32-ஆம் அடுக்கில் 20 குறைத்துக் காட்டிவிட்டது.

கித்தாக்காட்டுப் பெண்:
தம்பி சொன்ன ஐந்தையும் இப்போது போட்டுப் பார்த்தேன். 193, 257, 449, 577 நான்கும் என் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஈப்போ பக்கம் மகன் வீட்டுக்குப் போன பழைய தோட்டத்துக் கிராணி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.