உப்புநீர் பேட்டரி: 31 வோல்ட்டைப் பார்த்து ஏமாந்த சார்ஜர்

கூரைமேல்48:
ஆஸ்திரேலியா, விக்டோரியா பக்கம் ஒரு பண்ணை வீடு. கம்பத்து மின்சாரம் கிடையாது. அக்வியான் கம்பெனியின் எஸ்30 என்ற 48 வோல்ட் உப்புநீர் பேட்டரி, ஆறு அடுக்கு. குளிர்காலம் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்ததில் அடுக்குகள் 31 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டன. லெட் ஆசிட் என்றால் சல்ஃபேட் படிந்து கதை முடிந்திருக்கும். உப்புநீர் காலியாகக் கிடந்தால் கெடாது, அது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததே. பழைய சார்ஜர் பழுது என்று புது எம்பிபிடி (சோலார் பேனலிலிருந்து ஏற்றும் சார்ஜர்) மாட்டியாயிற்று. உச்சி வெயில். பேனல் பக்கம் 110 வோல்ட் நிற்கிறது. பேட்டரிக்குப் போவது 0.0 ஆம்ப். திரையில் "ஃப்ளோட்", அதாவது பேட்டரி நிறைந்துவிட்டது என்று பச்சை விளக்கு!

காரணம்: 12/24/48 வோல்ட் மூன்றும் எடுக்கும் சார்ஜர், முதல்முறை உயிர் வரும்போது பேட்டரி வோல்ட்டேஜைப் பார்த்து இது எந்த அமைப்பு என்று தானே முடிவு செய்துகொள்கிறது. 31 என்றால் 24 வோல்ட் பேட்டரி, வயிறு நிறைய இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது. ஆட்டோவை எடுத்துவிட்டு 48 என்று கையால் வைத்தபின்தான் பேனல் வயரை மாட்ட வேண்டும். ஜெனரேட்டர் போட்டு இன்வெர்ட்டர் வழியாக ஏற்றலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. 31 வோல்ட்டில் இன்வெர்ட்டர் கண்ணே திறக்கவில்லை.

டிசிபிரேக்கர்:
அந்தக் கடைசி வரிதான் உண்மையான பிரச்சினை. எஸ்30 வேலை செய்யும் வீச்சு 30 முதல் 59.5 வோல்ட் வரை. இன்வெர்ட்டர்களில் விக்ட்ரான் மல்டிபிளஸ் 48 எடுப்பது 38–66, எஸ்எம்ஏ சன்னி ஐலண்ட் 41–63. அதற்குக் கீழே பேட்டரியில் மிச்சமிருப்பது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதோடு ஒரு ஹெச்பி மோட்டார் போட்டால் பாருங்கள். ஓடும்போது 1,100 வாட்தான், ஆனால் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும். ஆறு அடுக்குக்குப் பங்கு பிரித்தால் ஒவ்வொன்றும் 900 வாட்டுக்கு மேல் தர வேண்டும். உப்புநீரின் உள்மின்தடைக்கு அது தாங்காது. 48ல் நின்ற ஊசி 38க்கு விழும், இன்வெர்ட்டர் "டொக்" என்று அணையும், இரண்டு நொடியில் வோல்ட்டேஜ் மறுபடி 47. பேட்டரி காலி என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு. மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வையுங்கள், இல்லையென்றால் பேனலில் நேரடியாக ஓடும் டிசி பம்ப் போட்டுப் பகலிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

நிழல்விழாதபேனல்:
@டிசிபிரேக்கர் "இருந்தும் இல்லாத மாதிரி" என்பது மிகை. ஒரு ஆம்ப்-மணி 52 வோல்ட்டில் தருவதைவிட 35 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் தரும். வாட்-மணிக் கணக்கில் அடிப்பகுதி அவ்வளவு பெரிதல்ல. அதையும் விட வேண்டாம். 18–75 வோல்ட் உள்ளீடு எடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்றை பஸ்பாரிலேயே (அடுக்குகளின் வயர்கள் எல்லாம் சேரும் செம்புப் பட்டை) மாட்டி, எல்இடி விளக்கையும் ரவுட்டரையும் அதில் விட்டால் 32 வோல்ட் வரை எரியும். இன்வெர்ட்டர் அணைந்தாலும் வீடு இருளாது.

பலர் இன்வெர்ட்டரில் லெட் ஆசிட் செட்டிங்கையே விட்டுவைத்து 45 வோல்ட்டில் அணையவிடுகிறார்கள். கோளாறு பேட்டரியில் இல்லை.

கிளாபர்:
கேட்காமல் சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் இவ்வளவு பேர் எழுதியும் வெப்ப ஈடுசெய்தலை, அதாவது வெப்பநிலைக்கு ஏற்ப சார்ஜர் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைப்பதை, யாரும் தொடவில்லை.

லெட் ஆசிட்டுக்கென்று வரும் சார்ஜர்களில் ஒரு செல்லுக்கு டிகிரிக்கு −2.7 மில்லிவோல்ட் இருக்கும். 48 வோல்ட்டுக்கு 24 செல், ஆகவே டிகிரிக்கு −64.8 மில்லிவோல்ட். சார்ஜரில் 58 வோல்ட் வரை ஏற்று என்று வைத்திருக்கிறீர்கள் என்போம். 25 டிகிரிதான் அதற்கு அளவுகோல். காலையில் கொட்டகை 0 டிகிரி என்றால் சார்ஜர் தானாக 1.6 கூட்டி 59.6க்குப் போகும். எஸ்30 எல்லை 59.5! 40 டிகிரி நாளில் 57லேயே நிறுத்திவிடும், பேட்டரி நிறையாது. இந்த எண்ணை 0 ஆக்குங்கள். லெட் ஆசிட்டுக்காக அவ்வப்போது வோல்ட்டேஜைக் கூடுதலாக ஏற்றும் ஈக்வலைஸையும் அணையுங்கள்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது நீர். கோட்பாட்டுப்படி 1.23 வோல்ட்டிலேயே பிரியத் தொடங்கும். கார்பன் மின்வாய் கொஞ்சம் தாக்குப்பிடிப்பதால்தான் ஒரு செல்லில் அதற்கு மேல் ஏற்ற முடிகிறது. அந்த அவகாசத்தையும் மீறினால் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் போய்விடும். லெட் ஆசிட் போலத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மூடி கிடையாது.

பழையதை வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்க்க: லாரிக்குப் போடும் 24 வோல்ட் 70 வாட் பல்பு இரண்டைத் தொடராக இணைத்தால் 48ல் சுமார் 2.9 ஆம்ப், 140 வாட். 58க்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் ஓய்வு விட்டு, பல்பை மாட்டி 40 தொடும் நேரத்தைக் குறியுங்கள். அடுக்கு ஒன்றுக்குச் சுமார் 2 கிலோவாட்-மணி என்பதால் ஒரு முழு இரவு எரிய வேண்டும். ஐந்து மணி நேரத்திலேயே 40க்கு வந்துவிட்டால் வாங்காதீர்கள். பக்க இணைப்பு கொடுக்கும் முன் அடுக்குகளுக்குள் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே பல்பு வழியாக இரண்டையும் சேர்த்து, வெளிச்சம் மங்கி அணையும்வரை விடுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் தனி டிசி பிரேக்கர். வீட்டு ஏசி எம்சிபி அல்ல, டிசி ஆர்க்கை (பிரியும்போது எழும் தீப்பொறி) அது வெட்டாது. அடுக்கு ஒன்று கிட்டத்தட்ட 120 கிலோ. ஆறு சேர்ந்தால் 700க்கு மேல். மரத் தரையில் வைக்காதீர்கள், கான்கிரீட் தளம் வேண்டும்.

புதுசு_கேட்கிறேன்:
அக்வியான் கம்பெனிதான் 2017 மார்ச்சில் திவால் மனு போட்டுவிட்டதே, இனி எதற்கு இதைத் தேட வேண்டும்? யூடியூபில் கல்லுப்பு, செம்புக் கம்பி, அலுமினியத் தகடு வைத்துச் செய்கிறார்கள், ஒரு டப்பாவுக்கு அரை வோல்ட். நூறு டப்பா போதாதா?

கிளாபர்:
போதாது. அதில் அலுமினியம் கரைவதால்தான் மின்சாரம் வருகிறது, அலுமினியத்தை எரித்த மாதிரி. திருப்பிச் செலுத்தினால் தகடு வளராது. சமையல் உப்பு என்பதால் குளோரின் கிளம்பி, கொட்டகை முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்கும். அக்வியான் சோடியம் சல்ஃபேட் கரைசலை எடுத்தது. நம் ஆட்கள் கிளாபர் உப்பு என்பது. அதில் குளோரைடு இல்லை. எதிர்முனை கார்பனும் டைட்டானியம் பாஸ்பேட்டும், நேர்முனை மாங்கனீஸ் ஆக்சைடு, நடுவில் செயற்கைப் பருத்தித் துணி. கல்லுப்பு இதில் எங்குமே வரவில்லை.

கூரைமேல்48:
எல்லாம் சரி. பஸ்பார் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது கசிவா, சும்மா ஈரமா?

கிளாபர்:
உலர்ந்து பொடியாக உதிர்கிறதா? அப்படியென்றால் சல்ஃபேட், அதாவது கசிவு. அந்த அடுக்கின் பிரேக்கரை மட்டும் இறக்குங்கள், மற்ற ஐந்தும் ஓடட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் கரைந்துவிடும். பச்சையாக இருந்தால் செம்பு அரிக்கிறது, வயர் முனையில் இருக்கும் லக்கை மாற்றியே ஆக வேண்டும். மறுநாள் அதே இடத்தில் மறுபடி பூத்தால் அந்த அடுக்கை எடுத்துவிடுங்கள்.