பாளை வீட்டுக் குழு: சங்கரி அனுப்பிய கட்டடம்

சங்கரி: பெரியப்பா, படம் வந்ததா? சண்டிகர் தலைமைச் செயலகம். ஆபீஸ் வேலையாக வந்த இடத்தில் உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தது.

குமார் மாமா: இன்னும் பூச்சு வேலை முடியவில்லையா? சாம்பலாக நிற்கிறதே.

பெரியப்பா: 1958லேயே முடிந்த கட்டடம் மாப்பிள்ளை. வேண்டுமென்றேதான் பூசவில்லை. பெரிதாக்கிப் பாருங்கள், கான்கிரீட் ஊற்ற அடித்த சென்டரிங் பலகையின் தடம் தெரியும். இதை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேவுக்கு அதுதான் பிடித்தது.

பெரியப்பா: பிரிவினையில் லாகூர் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. அதற்காகத்தான் சண்டிகரைப் புதிதாகக் கட்டினார்கள். தலைமைப் பொறியாளர் வர்மாவும் தாப்பர் என்ற அதிகாரியும் 1950இல் ஐரோப்பாவுக்கே போய் கொர்புசியேவைப் பிடித்தார்கள்.

செல்வி அத்தை: நம்ம கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசை விடப் பெரிதா அண்ணே?

பெரியப்பா: ரொம்பப் பெரிது. நீளம் 254 மீட்டர், உயரம் 42. அத்தனை நீளத்தையும் ஒரே கான்கிரீட்டாகப் போட்டால் விரிசல் விட்டுவிடும். குளிருக்கும் கோடைக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் 7 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதனால்தான் ஆறு பிளாக்காகப் பிரித்து நடுவே எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் விட்டார்கள். சர்வீசில் இருந்தபோது இந்த இடைவெளிக்காக நான் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருப்பேன்!

குமார் மாமா: வெயிலுக்கு என்ன செய்தார்கள்?

பெரியப்பா: முகப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை. கண்ணாடி உள்ளே தள்ளி இருக்கும், உச்சி வெயில் அதில் நேரே விழாது. ஒரு குறையும் உண்டு. அவ்வளவு கனமான கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு விடும்.

சங்கரி: ஆமாம் பெரியப்பா, சாயங்காலம் புழுங்கும் என்று இங்கே ஒரு அக்காவும் சொன்னார். வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பெரிய சரிவுப்பாதை இருக்கிறது, மாடிக்கு அதிலேயே நடந்து ஏறலாம்.

பெரியப்பா: காலையில் கூட்டம் முழுக்க லிஃப்டை நம்பி நிற்கக் கூடாதே, அதற்குத்தான். சண்டிகர் கட்டியபோது எடுத்த பழைய போட்டோக்களைத் தேடிப் பார். சாரத்துச் சரிவில் சித்தாள் பெண்கள் தலையில் சட்டி சுமந்து ஏறுவார்கள். 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது கொர்புசியேவின் வேலை என்றுதான். அந்தப் பெண்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது ஆறவே ஆறாது.

செல்வி அத்தை: நம்ம ஊர்ப் பாலங்களுக்கும் அதே கதைதானே அண்ணே.

பெரியப்பா: அதேதான் தங்கச்சி. சங்கரி, மறுபடி போனால் இரண்டு பிளாக் சேருகிற இடத்தைக் கிட்டப் போய் ஒரு படம் எடு. ஜாயிண்டை எதை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்கணும்.

சங்கரி: சரி பெரியப்பா. வெள்ளிக்கிழமை போவேன், அனுமதி கேட்டு எடுத்து அனுப்புகிறேன்.